பெயரில்லாத கல்லுக்குப் பெயர் வைத்தேன்

எந்த மலையில் வெட்டியது என்று எனக்கே தெரியாத ஒரு தீட்டுக்கல்லை, ஜெர்மனியின் துரிங்கியா பகுதிக் கல் என்று சொல்லி ஓர் இளைஞரிடம் விற்றேன். அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னேன். அந்தப் பதில்களில் பாதி, சொல்லும்போதே எனக்குச் சந்தேகமானவை. வந்த பணத்தில் எனக்கு இன்னொரு கல் வாங்கிக்கொண்டேன். நான் ஒப்புக்கொள்ள வேண்டியது இதுதான்.

ஒரு கல்லுக்காக இவ்வளவு பீடிகையா என்று தோன்றலாம். சவரக்கத்தி தீட்டும் கற்களுக்கு எப்படி விலை வைக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் நான் செய்ததன் அளவு விளங்கும். அதனால் சரக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டே என்னைப் பற்றியும் சொல்கிறேன்.

மடக்குச் சவரக்கத்தியை இன்று சலூன்களில் பார்ப்பது அரிது. பாதி பிளேடைச் செருகும் பிடிதான் எங்கும் இருக்கிறது. ஓர் ஆளுக்கு ஒரு பிளேடு என்ற சுகாதார வழக்கம் வந்ததும் பழைய கத்திகள் ஒதுங்கிவிட்டன. மிஞ்சியவை என்னைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்களிடம் வந்து சேர்ந்தன. பெரும்பாலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் செய்த பழைய அலகுகள். இவற்றைத் தீட்டுவதில் ஒரு வசதி உண்டு. அரிவாளையும் சமையல் கத்தியையும் தீட்டும்போது கோணத்தைக் கைதான் பிடித்தாக வேண்டும். சவரக்கத்தியிலோ முதுகும் கூரும் ஒரே நேரத்தில் கல்லில் படிந்து கிடக்கும். முதுகின் கனமும் அலகின் அகலமும் சேர்ந்து கோணத்தை முடிவு செய்துவிடும். பொதுவாக 16, 17 டிகிரி. கத்தியைச் செய்தவர் வைத்த கோணம் அது. தீட்டுபவர் கெடுக்காமல் இருந்தால் போதும்.

தீட்டும் வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் 1000 நம்பர் கல். அலகின் இரு பக்கச் சரிவுகளும் ஒரே கோட்டில் சந்திப்பது இந்தக் கல்லில்தான். பிறகு 4000, 8000 என்று ஏறி, முந்தைய கல் போட்ட கீறல்களை நுணுக்கிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் ஒரு மெருகுக்கல். அதன்பின் தோல்வார். உழைப்பு முழுக்க முதல் கல்லில் இருக்கிறது. பெருமை முழுக்கக் கடைசிக் கல்லுக்குப் போகிறது. முதல் கல் மலிவு. அதை யாரும் படமெடுத்து மற்றவருக்குக் காட்டுவதில்லை. மலிவாக இருந்ததாலேயே நான் அதை மதிக்கவில்லை. பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இந்த அலட்சியம்.

ஆலையில் செய்யும் கற்களுக்கு எண் உண்டு. ஜப்பானியத் தர அளவின்படி, 1000 எண்ணில் துகள்களின் நடு அளவு 11.5 மைக்ரான், 8000 எண்ணில் 1.2 மைக்ரான். எண்ணைப் பார்த்து விலையை ஓரளவு எடைபோட்டுவிடலாம். மலையில் வெட்டிய கல்லுக்கு அப்படி எந்த எண்ணும் கிடையாது. எண் இல்லாத இடத்தில் ஊர்ப்பெயர், சுரங்கப்பெயர், முத்திரை, சீட்டு, நிறம், கதை எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. நான் பணத்தைக் கொட்டியது அங்கேதான்.

முதலில் மயங்கியது பெல்ஜியத்தின் கோட்டிகூல் கல்லில். ஆர்டென் மலைப்பகுதியில் வியல்சாம், லியர்னு என்ற ஊர்களைச் சுற்றிக் கிடைப்பது. வெண்ணெய் நிறம். பூமிக்குள் மெல்லிய அடுக்காக ஓடும். வெட்டியெடுத்தால் எளிதில் உடையும் என்பதால் பின்பக்கம் ஸ்லேட் பலகை ஒட்டித்தான் பெரும்பாலும் விற்பார்கள். ஸ்பெசார்டைன் என்ற வகைக் கார்னெட் மணிகள்தான் இதில் எஃகை வெட்டுகின்றன. அவற்றின் அளவு ஏறத்தாழ 5 முதல் 15 மைக்ரான். ஆலைக் கற்களின் கணக்கை இதற்குப் பொருத்தினால், கோட்டிகூல் 1000, 2000 நம்பரோடு நின்றுவிட வேண்டியது. ஆனால் முகம் வழிக்கிற அளவுக்கு அது கூரை முடித்துத் தருகிறது. மணிகள் பல பட்டைகளோடு உருண்டையாக இருப்பதால் எஃகில் ஆழமாக இறங்குவதில்லை. சிறு துணைக்கல்லால் தேய்த்துக் குழம்பு எழுப்பினால் வேகமாக வெட்டும். வெறும் தண்ணீர் விட்டால் மெதுவாக மெருகேற்றும். பழகிய கை இந்த ஒரே கல்லில் பல கல்லின் வேலையை முடித்துவிடும்.

இப்படிப்பட்ட கல்லை நான் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்? நீள அகலத்தைப் பார்த்து. கோட்டிகூலில் பழுதில்லாத பெரிய செவ்வகத் துண்டு கிடைப்பது அரிது. அதனால் அளவு கொஞ்சம் கூடினாலும் விலை பல மடங்கு கூடிவிடும். ஒழுங்கற்ற வடிவத்தில் வரும் சிறு துண்டுகள் மிகக் குறைந்த விலைக்கே கிடைக்கின்றன. கல் அதே கல்தான். சவரக்கத்தியின் கூர் சுமார் மூன்று அங்குலம். அதை முழுக்க நகர்த்தித் தீட்ட உள்ளங்கை அளவுத் துண்டே போதும். இது தெரிந்தேதான் பெரியதை வாங்கினேன். மேஜையில் வைத்துப் பார்க்க அழகாக இருந்தது. வீட்டில் விலையைப் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். வாங்கும்போது வீட்டுக்கு ஒரு விலை, விற்கும்போது வெளியாருக்கு ஒரு விலை என்று இரட்டைக் கணக்கு எழுத அன்றைக்கே பழகிவிட்டேன்.

அடுத்தது ஜப்பான். கியோட்டோவை ஒட்டிய மலைகளில் நருத்தாக்கி, நாகயாமா, ஓசுக்கு என்று பெயர்பெற்ற கல் இடங்கள் இருக்கின்றன. பழைய சுரங்கங்கள் பல மூடிக் கிடக்கின்றன; விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி முன்பே வெட்டி வைத்த சரக்கு. மூடிய சுரங்கம் என்றாலே விலை ஏறும். அதன்மேல் கல்லின் பக்கவாட்டில் மையால் குத்திய முத்திரை இருந்தால் இன்னும் ஏறும். மஞ்சள் நிறத்துக்குத் தனி விலை. காக்கை என்று பெயரிட்ட கரும்புள்ளிப் பின்னலுக்கு அதைவிடக் கூடுதல் விலை. இவற்றில் எதுவும் கத்தியின் கூரோடு நேரடியாகத் தொடர்புடையதல்ல. ஒரே சுரங்கத்தில் ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் கடினம் மாறும், நுணுக்கம் மாறும். கல்லுக்குள் ஓடும் மெல்லிய கோடு ஒன்று கரடாக இருந்தால் தீட்டிய கூரை அதுவே கெடுக்கும். எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் குறிப்பிட்ட கல்லில் யாராவது சவரக்கத்தி தீட்டி, அதனால் முகம் வழித்துப் பார்த்தார்களா? நான் அதைக் கேட்கவில்லை. முத்திரை மங்காமல் இருக்கிறதா என்று கேட்டேன்.

அந்தக் கல் வந்தபோது மேற்பரப்பு சற்றே குழிந்திருந்தது. சவரக்கத்திக்குக் கல் மட்டமாக இருந்தாக வேண்டும். பென்சிலால் கட்டம் போட்டு, வைரத்தூள் பதித்த தகட்டிலோ, கண்ணாடிமேல் விரித்த நீர்த்தாளிலோ கோடுகள் எல்லாம் அழியும்வரை தேய்த்தால் மட்டமாகிவிடும். மலிவான கல்லாக இருந்தால் யோசிக்காமல் தேய்த்திருப்பேன். இதற்கு நான் கொடுத்த விலையை நினைத்ததும் கை வரவில்லை. தேய்த்தால் கனம் குறையும், முத்திரைக்குப் பக்கத்தில் அரிக்கும், மறுவிற்பனையில் அடிபடும். குழிந்த கல்லிலேயே தீட்டினேன். கருவிக்கு அதிக விலை கொடுத்ததாலேயே அதைக் கருவியாகப் பயன்படுத்த முடியாமல் போனது.

இத்தனை கற்கள் இருந்தும் கத்தி முகத்தில் இழுத்தது. தாடைக்குக் கீழே எரிந்தது. ஒவ்வொரு முறையும் கடைசிக் கல்லைக் குறை சொன்னேன். இதைவிட நுண்ணியது வேண்டும் என்று அடுத்ததைத் தேடினேன். உண்மையான காரணம் கத்தியின் அடிப்பக்கத்தில் இருந்தது. அலகின் இரு சரிவுகளும் அந்த இடத்தில் சந்திக்கவே இல்லை. மார்க்கர் பேனாவால் சரிவில் மை பூசி, கல்லில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, பூதக்கண்ணாடியில் பார்த்தால் மை எங்கே நிற்கிறது, எங்கே போனது என்று தெரிந்துவிடும். எந்த இடத்தில் மை நிற்கிறதோ அந்த இடத்தைக் கல் தொடவில்லை. இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு பேனா. மெருகுக்கல் எடுப்பது மிகமிகக் கொஞ்ச எஃகு. சந்திக்காத சரிவுகளை அது சந்திக்க வைக்காது; பளபளப்பாக்கும், அவ்வளவே. வேலை 1000 நம்பர் கல்லில் பாக்கி இருந்தது. நான் அதை அவசரமாகத் தாண்டி, படத்தில் நன்றாக இருக்கும் கற்களுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

இதற்குப் பலியானது ஒரு நல்ல சோலிங்கன் கத்தி. மெருகுக்கல்லில் அழுத்தி அழுத்தித் தேய்த்ததில் கூர் வரவில்லை, முதுகு தேய்ந்தது. முதுகு கனம் குறைந்தால் கோணமும் குறையும். கோணம் குறைந்தால் கூர் நொய்ந்துபோகும். முதுகின் இருபுறமும் அகலமாக ஒரு தட்டைப் பட்டை விழுந்துவிட்டது. பழைய கத்தி வாங்குபவர்கள் முதலில் பார்ப்பதே அந்தப் பட்டையைத்தான். பல தலைமுறையாக யாரோ ஒழுங்காக வைத்திருந்த கத்தியை நான் அப்படி ஆக்கினேன். அதையும் பின்னால் விற்றேன். முதுகு தெரியாதபடி படமெடுத்தேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தவறு எங்கே என்று தெரிந்த பிறகாவது வாங்குவதை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கை சரியில்லை என்று ஒப்புக்கொண்டால் உட்கார்ந்து பழக வேண்டும். கல் சரியில்லை என்று சொல்லிக்கொண்டால் வாங்கினால் போதும். வாங்குவது எளிது. அதற்குப் பணம் குறைந்தபோதுதான் அந்தத் துரிங்கியா கல் வந்தது.

துரிங்கியா கற்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மனியின் நடுப்பகுதியில் சோன்னபெர்க், ஷ்டைனாக் ஊர்களைச் சுற்றி வெட்டிய மிருதுவான ஸ்லேட் அவை. ஷ்டைனாக் ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான சிலேட்டுக் குச்சிக்கும் பெயர்போன ஊர். சோன்னபெர்க்கின் எஷர் நிறுவனம் இந்தக் கற்களுக்குச் சீட்டு ஒட்டி உலகமெங்கும் அனுப்பியது. கரும்நீலம், நீலப்பச்சை, இளம்பச்சை, மஞ்சள்பச்சை என்று நிறத்தையும் சீட்டில் அச்சிட்டார்கள். இப்போது அந்தக் கற்கள் வெட்டப்படுவதில்லை. சீட்டு கிழியாத எஷர் என்றால் சேகரிப்பாளர்களிடையே போட்டி. சீட்டு உரிந்துபோனால், அதே மலைக்கல்லாகவே இருந்தாலும் விலை இறங்கிவிடும். சீட்டு நனையக் கூடாது என்று தண்ணீரே காட்டாமல் தண்ணீர்க்கல்லை அலமாரியில் வைத்திருப்பவர்கள் உண்டு. சிரிக்காதீர்கள், நானும் அப்படி ஒன்று வைத்திருந்தேன்.

நான் விற்றது அதுவல்ல. ஜெர்மனியிலிருந்து ஏலத்தில் எடுத்த பழைய நாவிதர் சாமான்களோடு, பட்டியலில் பெயர்கூட இல்லாமல் வந்த கல். சாம்பலும் பச்சையும் கலந்த நிறம், வழவழப்பு, ஒரு மூலையில் சிறு உடைசல். சீட்டு இல்லை, பெட்டி இல்லை. துரிங்கியா கல்லாக இருக்கலாம். ஆனால் வேல்ஸ் நாட்டிலும் சீனத்தின் குவாங்சியிலும் இதே சாயலில் தீட்டுக்கற்கள் கிடைக்கின்றன. கண்ணால் மட்டும் பார்த்துப் பிரிப்பது கடினம். சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் பார்க்கும் அடையாளங்களில் ஒன்று குழம்பின் நிறம். துரிங்கியா கல்லில் வெளுத்த குழம்பு எழும் என்பார்கள். இந்தக் கல்லில் எழுந்தது அடர்ந்த சாம்பல். அதைப் பார்த்தேன். பார்த்த கையோடு துடைத்துவிட்டு, கல் உலர்ந்த பிறகு படமெடுத்தேன்.

விற்பனைக் குறிப்பில் எஷர் வகை, ஜெர்மனியிலிருந்து நேராக வந்தது, பழைய நாவிதரின் கருவி என்று எழுதினேன். தனித்தனியாக எடுத்தால் எதுவும் பொய்யாகத் தெரியாது. ஜெர்மனியிலிருந்து வந்தது உண்மை. நாவிதர் சாமான்களோடு இருந்ததும் உண்மை. எல்லாம் சேர்ந்து ஒரு பொய்யைச் சுமந்தன. கத்திக்காவது பாதுகாப்பு உண்டு. சோலிங்கன் என்ற பெயரை அந்தப் பகுதியில் செய்யாத அலகில் பொறிக்கக் கூடாது என்று ஜெர்மனியில் 1938லேயே சட்டம் வந்துவிட்டது. சீட்டில்லாத பழைய கல்லுக்கு அப்படி எந்தக் காவலும் இல்லை. விற்பவன் சொல்வதுதான் அதன் ஊர். இது எனக்குத் தெரியும். அந்த வசதியைத்தான் பயன்படுத்திக்கொண்டேன்.

வாங்கியவர் இளைஞர், தீட்டுவதற்குப் புதியவர். போனில், "அண்ணா, இது நெஜமாவே துரிங்கியன் கல்லுதானே? நான் சேத்து வச்ச காசு, அதான் கேக்குறேன்" என்றார். "சந்தேகமே வேண்டாம் தம்பி" என்றேன். அந்த இடத்தில் "எனக்கு உறுதியாகத் தெரியாது" என்று சொல்லியிருந்தால் பாதி விலைக்கு வாங்கியிருப்பார். அந்த மற்றப் பாதிக்காகத்தான் பொய் சொன்னேன்.

கொஞ்ச நாள் கழித்து அவரே மறுபடி அழைத்தார். கத்தி முகத்தில் இழுக்கிறதாம். "கல்லு மேல குத்தமே சொல்ல முடியாதுண்ணா. என் கைதான் வரலபோல" என்றார். நான் தப்பித்தேன் என்று முதலில் தோன்றியது. பிறகுதான் உறைத்தது. என் கை சரியில்லாதபோது நான் கல்லைப் பழித்தேன். இவரோ, நான் வைத்த பெயருக்கு மரியாதை கொடுத்துத் தன்னைப் பழித்துக்கொள்கிறார். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. மார்க்கர் பேனாச் சோதனையைக்கூடச் சொல்லித் தரவில்லை. அதைச் சொன்னால் பேச்சு கல்லின் பக்கம் திரும்பிவிடுமோ என்று பயம். "பழகப் பழக வரும் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன். விற்றதைவிட இந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. சரக்கில் ஏமாற்றியது பணத்துக்காக. கேட்டு வந்தவருக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் விட்டது என்னைக் காப்பாற்றிக்கொள்ள.

நெடுநாள் கழித்து நானே அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். மறுமுனையில் கோபத்தை எதிர்பார்த்தேன், வரவில்லை. கல்லை எப்போதோ விற்றுவிட்டாராம், என்னிடம் வாங்கியதைவிடக் கூடுதல் விலைக்கு. "நீங்க எழுதினதத்தான் அண்ணா நானும் எழுதினேன். போட்டோவும் நீங்க அனுப்பினதுதான்" என்றார். அவருக்கு நஷ்டமில்லை, அதனால் பணம் வேண்டாம் என்றார். வாங்கியவரிடம் இதைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். "இப்பப் போய் எப்படிண்ணா சொல்றது?" என்றார். என்னிடமே பல காலம் இருந்த கேள்வி அது. அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாயில்லை.

ஆகவே அந்தக் கல் இப்போது யாரிடமோ எஷர் என்ற பெயரில் இருக்கிறது. சாம்பல்பச்சை நிறம், ஒரு மூலையில் உடைசல், நனைத்துத் தேய்த்தால் அடர்ந்த சாம்பல் குழம்பு. இது உங்கள் கையில் இருந்தால், அதன் வம்சாவளிக்கு என் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. நல்ல கல்லாகவே இருக்கலாம். ஆனால் கொடுத்த விலைக்கு அது ஈடில்லை.

மற்றக் கற்களில் பெரும்பாலானவற்றை, எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் எழுதி, வந்த விலைக்குக் கொடுத்துவிட்டேன். நஷ்டம்தான். தெரியாததைத் தெரியாது என்று எழுதினால் எவ்வளவு விலை குறைகிறதோ, அவ்வளவும் இத்தனை நாள் கதைக்கு விழுந்த விலை. இப்போது ஒரு 1000, ஒரு 4000, ஒரு 8000, கோட்டிகூல், தோல்வார் இவற்றோடு நிற்கிறேன். கல்லைத் தயங்காமல் மட்டம் பண்ணுகிறேன். பெரும்பாலான நேரம் போவது 1000 நம்பரில். கத்தி இப்போது இழுப்பதில்லை. அதற்காக நான் தேர்ந்துவிட்டேன் என்று பொருளில்லை; செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்கிறேன், அவ்வளவே.

புதிதாக இதில் இறங்குபவர்களுக்குச் சொல்ல எனக்கு அருகதை குறைவு, ஆனாலும் சொல்கிறேன். முதல் பணத்தை 1000 நம்பர் கல்லுக்கும், அதை மட்டம் பண்ணும் தகட்டுக்கும், ஒரு பூதக்கண்ணாடிக்கும் செலவிடுங்கள். அலகு முழுநீளமும் சரிவுகள் சந்திக்கும்வரை அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள். 8000 நம்பரும் தோல்வாரும் போதுமான சவரம் தரும். அது கைவராமல் மலைக்கல் எதையும் வாங்காதீர்கள். வாங்கும்போது முத்திரை, சீட்டு, நிறம், மூடிய சுரங்கம் என்ற பேச்செல்லாம் முடியட்டும். பிறகு விற்பவரிடம், இது இன்ன ஊர்க் கல் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால், பெயரில்லாத கல்லுக்கு என்ன விலையோ அதை மட்டும் கொடுங்கள். என்னிடம் வாங்க வந்தாலும் இதையே கேளுங்கள்.